மாலையில் அடித்த முளைக்கட்டை

கிண்ணியா
2025 ஜூலை 2

பஸ்மியா,

ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. அதிலிருந்து நீ தப்ப ஏலாது.

என் நம்பரை அடைத்துவிட்டாய். உம்மாவின் போனில் எடுத்தேன், அதையும் அடைத்தாய். ராத்தாவின் போனில் எடுத்தேன், "ஹலோ" என்ற ஒரு சொல்லோடு அதுவும் போயிற்று. எங்கள் வீட்டில் உனக்கு இன்னும் அடைபடாமல் இருப்பது குசினி ஜன்னல் ஒன்றுதான். ஆகவே கடிதம். நஜ்முன் நிஸா டீச்சர் தினமும் பஸ்ஸில் மூதூருக்குப் படிப்பிக்கப் போகிறா அல்லவா, உன் புதுப் பள்ளிக்கூடத்துக்கு? அவவிடம் கொடுத்தனுப்புகிறேன். "தபால்காரி வேலைக்கு எனக்குச் சம்பளம் ஆர் தாற?" என்று கேட்டா. "சுவர்க்கத்தில தருவாங்க டீச்சர்" என்றேன். முறைத்துக்கொண்டே கைப்பைக்குள் வைத்தா.

இங்கே லைலா ராத்தாவின் வீடு ஜன்னல் உயரத்தில் நிற்கிறது. கட்டிக்கொண்டிருந்த உன் வாப்பா போய் மூன்று கிழமை. டிசம்பரில் அவளுக்குக் கலியாணம், சீதன வீட்டுச் சாவி கைக்கு வராமல் நிக்காஹ் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஒக்டோபரில் மழை வந்துவிடும். வாப்பா துறைமுகத்தில் வேலை முடிந்து வந்ததும் சாப்பிடாமல் புது மேசன் பாஸ் தேடப் போகிறார். இதுவரை மூன்று பாஸ் வந்தார்கள். ஒருவரும் பாஸாகவில்லை.

முதலாமவர் சரீப் பாஸ். எதைக் கேட்டாலும் "பிரச்சினையில்ல". வாப்பா "முன்பக்கம் கோணலா இருக்கே" என்றார். "பிரச்சினையில்ல, பூச்சில எடுத்துரலாம்." உம்மா "அப்ப சீமெந்து கூடப் போகுமே" என்றா. "பிரச்சினையில்ல." நானும் என் பங்குக்கு, "மாமா, மேல் மாடிக்குப் படி எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டேன். "அது பிரச்சினையில்ல புள்ள, எந்தப் பக்கமும் வைக்கலாம்." எங்கள் வீட்டுக்கு மேல் மாடியே இல்லை.

இரண்டாமவர் டவுனிலிருந்து சின்னராசா பாஸ். கட்டிய வீடுகளின் படங்களைப் போனில் காட்டினார். நீல வீடு, மஞ்சள் வீடு, வெள்ளை வீடு, நாலாவது ஒரு ரோஸ் வீடு. நாலு வீட்டு முற்றத்திலும் ஒரே வளைந்த தென்னை. "இந்தத் தென்னை ஒங்களோட வேலைக்கு வருமா மாமா?" என்று கேட்டேன். உம்மா என்னை உள்ளே அனுப்பிவிட்டா.

மூன்றாமவர் பாயிஸ் பாஸ். பேச்சே இல்லாத மனிதன். சுவருக்குப் பக்கத்தில் குந்தி, நகத்தால் கலவையைச் சுரண்டிப் பார்த்தார். "இந்தக் கல்லு வேலை ஆர் செஞ்ச?" வாப்பா மெதுவாக "றிஸ்வி" என்றார். "இப்பிடிக் கல்லு வைக்கிறவன் மூலையத் தவற விடமாட்டானே. அத்திவாரத்துக்கு அடிச்ச முளைக்கட்டைய ஆரும் தொட்டாங்களா?" "ஆடு தொட்டிருக்கும்" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஓகஸ்ட் கடைசி வரைக்கும் வேறு வேலை இருக்கிறதாம். அதனால் வாப்பா சரீப் பக்கம் சாய்கிறார்.

மட்டம் பார்க்கிற ஆள் தேடினால் மட்டமான ஆள்தான் வருகிறான். அந்த மூலை கோணின நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மூளை கோணிவிட்டது.

சரி. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று நான் ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன் என்றுதானே கோபம்? பேச வரவில்லை பஸ்மியா. அவ்வளவுதான். பதில் எழுது. ஒரு வரி போதும், திட்டாக இருந்தாலும்.

ஷிஃபானா


மூதூர்
2025 ஜூலை 4

ஷிஃபானா,

வஅலைக்கும் ஸலாம். கடமை என்பதால் எழுதுகிறேன்.

நீ பேசவில்லை என்று எனக்குக் கோபமில்லை. உங்கள் வீட்டில் ஒருவருமே பேசவில்லை. மாப்பிள்ளையின் மாமா நாடாவை எடுத்து முன்னறையை அளந்தார். ஒரு பக்கம் பன்னிரண்டு அடி, மற்றப் பக்கம் பதினொன்றரை. "டைல் வைச்சா ஓரமெல்லாம் ஆப்பு மாதிரி வெட்டித்தான் வைக்கணும். இதுதானா நீங்க குடுக்கிற வீடு?" என்று கேட்டார். உன் வாப்பா என் வாப்பாவைப் பார்த்து, "இருவது வருஷமா ஒன்ன நம்பினதுக்கு இதா றிஸ்வி?" என்றார். அத்தனை பேருக்கு முன்னால். என் வாப்பா பூச்சுக் கரண்டியைக் கழுவி, பையில் வைத்துக்கொண்டு வந்தார். தட்டில் தேத்தண்ணியோடு நீ குசினி வாசலில் நின்றதை எங்கள் வீட்டு மதிலுக்கு மேலால் நானும் பார்த்தேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சாம்பல்தீவில் இராஜநாயகம் ஐயா வீட்டு வேலை அடுத்த மாதம் தொடங்க இருந்தது. அவர் போன் எடுத்து, "பாஸ், இப்போதைக்கு வேண்டாம்" என்றார். கதை பாலம் தாண்டி, டவுன் தாண்டி அங்கே போய்விட்டது. கிண்ணியாவில் கோழிக்கூடு கட்டக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாச்சியின் வீட்டுக்கு வந்தோம்.

இங்கே வாப்பா எல்லாவற்றையும் அளக்கிறார். கதவை, ஜன்னலை, சாப்பாட்டு மேசையை. ஒரு தரம் கண்ணால் பார்த்துச் சொல்வார். பிறகு நாடா பிடிப்பார். சரியாக வந்தாலும் நம்பமாட்டார், மறுபடியும் பிடிப்பார். சாச்சி வீட்டுப் படிக்கு இரண்டு நாளில் முடிகிற பூச்சு வேலை. எட்டு நாளாகியும் முடியவில்லை. கண் பழுதாகிவிட்டது என்று நினைக்கிறார். வருகிற கிழமை கண் கிளினிக்குக்குப் போகிறோம்.

உன் கடிதத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வாப்பா அதை வாசித்துக்கொண்டிருந்தார். மூளை கோணிய இடத்தில் விரலை வைத்து, "சரியாத்தான் எழுதியிருக்கு புள்ள" என்றார். பாயிஸ் பாஸ் கேட்ட கேள்வியையும் வாசித்தார். "கட்டை அடிச்சது நான். ஆட்டுக்கு ஏன் பழி?" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டார்.

இனி எனக்குப் பகிடி எழுதாதே.

பஸ்மியா


கிண்ணியா
2025 ஜூலை 9

பஸ்மியா,

இது ஐந்தாவது தாள். முதல் நாலையும் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் முதல் வரியிலேயே ஒரு பகிடி வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பயம் வந்தால் அப்படித்தான் வரும். உனக்கு அது தெரியும்.

ஆடு தொடவில்லை. நான்தான் தொட்டேன்.

மே மாதம் அத்திவாரத்துக்கு முந்திய நாள். அஸர் தொழுகைக்குப் பிறகு உன் வாப்பா வந்து கட்டைகள் அடித்து நூல் கட்டினார். மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். குறுக்கு அளவு இரண்டு தரம் பிடித்தார். நாடாவின் மற்ற முனையைப் பிடித்தது நான்தான். "ஒரு நூல் பிசகில்ல புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். றிஸ்வி பாஸ் கண்ணாலே பார்த்து அரை அங்குலம் சொல்லுவார் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, பார்த்துவிடுவோம் என்று எனக்குத் தோன்றியது. மஃரிபுக்குப் பிறகு இருட்டினதும் போய், முன்பக்க நூல் கட்டியிருந்த வலது கட்டையைப் பிடுங்கினேன். அது மூலைக்கு வெளியே இரண்டடி தள்ளி நின்ற கட்டை. பாதியில் முறிந்துவிட்டது, கீழ்ப் பாதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. குவியலில் கிடந்த இன்னொரு கட்டையை ஆறு அங்குலம் உட்பக்கமாக அடித்து, நூலை மாற்றிக் கட்டி, மண்ணைக் காலால் தள்ளி மூடினேன். காலையில் அவர் வந்து "ஆர்ரா இந்த வேல பாத்த?" என்று கத்துவார், நான் மதிலுக்குப் பின்னால் நின்று சிரிப்பேன். அதுதான் திட்டம்.

காலையில் உம்மா எழுப்பும்போது ஏழு மணி. கல் லொறி வந்துவிட்டது. டிரைவர் எட்டு மணிக்குள் வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்று கத்திக்கொண்டு நின்றான். துஆ ஓதி முடிந்து, ஆட்கள் நூல் வழியே முதல் மூலையில் அத்திவாரக் கான் தோண்டி முடித்திருந்தார்கள். தான் கையால் அடித்த கட்டை, தான் கட்டிய நூல். உன் வாப்பா ஏன் மறுபடி பார்க்கப் போகிறார்? என்னைக் கண்டதும் ஒரு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்து, "ராத்தாட வீட்டுக்கு முதல் கல்லு, சாப்பிடு" என்றார். அதை வாயில் போட்டுக்கொண்டு நின்றேன். மென்று முடிவதற்குள் முதல் கல் இறங்கிவிட்டது.

பழத்தின் மேல் பழி போடவில்லை. மென்று முடித்த பிறகும் நான் பேசவில்லை. ஆறு அங்குலம் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் சுவர் ஒரு வரி உயர்ந்தது, ஒவ்வொரு வரிக்கும் சொல்வது கஷ்டமாயிற்று.

மாப்பிள்ளையின் மாமா அளந்த பிறகு உன் வாப்பா தானும் மூன்று தரம் நாடா பிடித்தார். தேத்தண்ணித் தட்டு என் கையில் இருந்தது. அதை வைத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

உன் வாப்பாவின் கண்ணில் ஒரு பழுதும் இல்லை. கிளினிக்குக்குப் போவதற்கு முதல் நீ அவரிடம் சொல்லிவிடு. எனக்கு ஏலாது பஸ்மியா. நீ சொன்னால் அவர் கேட்பார்.

ஷிஃபானா


மூதூர்
2025 ஜூலை 11

ஷிஃபானா,

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே கிளினிக்குக்குப் போய் வந்தோம். பலகையில் இருந்த எழுத்து எல்லாவற்றையும் வாசித்தார், கடைசி வரி வரைக்கும். டொக்டர் "கண்ணில ஒரு குறையும் இல்ல" என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது வாப்பா சொன்னார்: "கண்ணா இருந்தாக் கண்ணாடி போட்டிருக்கலாம்."

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். வாப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். கட்டையைப் பிடுங்கும்போது என்னிடம் கேட்டுவிட்டா பிடுங்கினாய்?

என் வாப்பா குற்றவாளி என்று உன் வீட்டு முற்றத்தில் வைத்துச் சொன்னார்கள். நீயும் அங்கே நின்று சொல். பிறகு கதை எங்கெங்கே போனதோ அங்கெல்லாம் நீ போ. சாம்பல்தீவு வரைக்கும். கடைசியாக இங்கே வா. அதற்கு முதல் வராதே.

பஸ்மியா


கிண்ணியா
2025 ஜூலை 17

பஸ்மியா,

சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டு சொன்னேன்: "அந்தக் கட்டைய மாத்தினது நான்." வாப்பா தலையை நிமிர்த்தாமல், "சோறத் தின்னு" என்றார். மறுபடியும் சொன்னேன். ராத்தா அழத் தொடங்கினாள், "என்ட கலியாணமும் இவளுக்குப் பகிடியாப் போச்சா உம்மா?" என்று. உம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தலையைத் தடவினா. "பஸ்மியா ஒன்னோட கதைக்கிறல்ல எண்டு கவலை. அதுக்காக இல்லாத பழிய இழுத்துத் தலையில போடாத மகள்."

அடி விழும் என்று நினைத்துப் போனேன். தலையைத் தடவினார்கள். உப்பைச் சீனிப் போத்தலில் போட்டது, பெரியப்பாவின் செருப்பை ஆணியடித்து வைத்தது, பள்ளிக்கூட மணியை அரை மணித்தியாலம் முதலே அடித்தது, எல்லாம் சேர்ந்து வந்து என் வாயை மூடிவிட்டன. நான் பொய் சொல்லும்போது எல்லாரும் நம்பினார்கள்.

வாப்பா சரீப்பிடம் வேலையைக் கொந்தராத்தாகக் கொடுத்துவிட்டார். 26ஆம் தேதி சனிக்கிழமை தொடக்கம். கோணலை இடிக்கப் போவதில்லையாம். உட்பக்கம் பூச்சைத் தடிப்பாக ஏற்றி மறைத்துவிடுவாராம். நேற்று லொறி வந்து முன்மூலையில் சீமெந்துக் கல்லைக் கொட்டிவிட்டது. முறிந்த பாதிக் கட்டை அதன் கீழேதான் இருக்கிறது.

என்ன செய்வது என்று தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

ஷிஃபானா


மூதூர்
2025 ஜூலை 21

ஷிஃபானா,

தெரியவில்லை என்று எழுதுவதற்கா ஒரு தாள்? பாதிக் கட்டை மண்ணுக்குள் இருந்தால் தோண்டு. நீ எழுதியது உண்மை என்றால் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் இதுவும் உன் பகிடிதான் என்று நானும் முடிவு கட்டிவிடுவேன்.

வாப்பா நேற்றுப் படம் எடுக்கப் போனார். பாஸ்போட்டுக்கு. கட்டாரில் கூலி வேலை, ஒரு ஏஜன்சிக்காரன் வந்து கதைத்துவிட்டுப் போனான். உம்மா, "பாஸ் வேல தெரிஞ்ச மனிசன் அங்க போய் மண் சுமக்கிறதா?" என்று கேட்டா. வாப்பா சொன்னார், "அங்க மூலை பாக்கிறது இஞ்சினியர். நான் சுமந்தாப் போதும். சுமக்கிறதில பிழை வராது."

படத்தில் அவர் யாரோ போல இருக்கிறார். சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் பூட்டி.

ஏஜன்சிக்காரன் அடுத்த மாதம் பத்தாம் தேதி வருவான்.

பஸ்மியா


கிண்ணியா
2025 ஜூலை 27

பஸ்மியா,

நேற்று சுபஹு தொழுதுவிட்டு முன்மூலைக்குப் போனேன். ஒவ்வொரு கல்லாக மதில் ஓரத்துக்குத் தூக்கிப் போட்டேன். சீமெந்துக் கல் எவ்வளவு பாரம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதலில் உம்மா வந்து, "என்ன கூத்து இது?" என்றா. நான் நிறுத்தவில்லை. ராத்தா ஜன்னலால் பார்த்தாள். வாப்பா வந்து "போதும், உள்ள போ" என்று அதட்டினார். போகவில்லை. அறுபது எழுபது கல் போயிருக்கும், கையில் தோல் போயிற்று. அப்போது உம்மா வாப்பாவிடம் மெதுவாகச் சொன்னா: "இஞ்சேருங்க, பகிடிக்கு இவள் இவ்வளவு கஷ்டப்படமாட்டாள்."

வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அடுத்த கல்லைத் தூக்கினார்.

பாயிஸ் பாஸுக்கு முதல் நாளே வாப்பாவின் போனிலிருந்து நான் எடுத்திருந்தேன். "நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கு, வாங்க" என்றேன். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, அலவாங்குக் கம்பியை என்னிடமிருந்து வாங்கினார். "கட்டைய முறிச்சிருவாய். கையால தோண்டு."

கையால் தோண்டினேன். ஒரு முழம் போவதற்குள் அகப்பட்டது. முறிந்த முனை, நான் முறித்த அதே முனை. சுற்றி மண் இறுகிப்போய் நேராக நின்றது. பாயிஸ் பாஸ் அதில் நூலைக் கட்டி மற்ற மூலைக்கு இழுத்தார். பிறகு நாடா பிடித்தார். வாப்பா ஒரு முனை, அவர் ஒரு முனை. இந்தப் பக்கம் பன்னிரண்டு. அந்தப் பக்கம் போனார்கள். பன்னிரண்டு. குறுக்களவும் பிடித்தார்கள். பாயிஸ் பாஸ் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "ஒரு நூல் பிசகில்ல" என்றார்.

வாப்பா கல்லின் மேல் இருந்துவிட்டார். என்னை அடிக்கவில்லை. "அவன் மூணு தரம் அளந்தான் ஷிஃபானா. நான் ஒரு தரம் கேக்கல்ல" என்று மட்டும் சொன்னார். அடித்திருக்கலாம்.

சரீப் பாஸ் எட்டு மணிக்கு ஆட்களோடு வந்தார். வாப்பா விஷயத்தைச் சொல்லி, வேலை வேண்டாம் என்றார். அதற்கும் அந்த மனிதன் "பிரச்சினையில்ல" என்றுதான் சொன்னார்.

பிறகு வாப்பா மாப்பிள்ளையின் மாமாவுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் வீட்டாரோடு கதைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார். கலியாணம் நிற்கவில்லை, ஆனால் டிசம்பரில் இல்லை, நோன்புப் பெருநாளைக்குப் பிறகு. ராத்தா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. என் தட்டில் சோறு போடுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை.

இன்று சாம்பல்தீவுக்குப் போனோம். வாப்பாவின் மோட்டார் சைக்கிளில், பாலம் தாண்டி, டவுன் தாண்டி. உன் வாப்பாவின் கதை போன அதே வழி. இராஜநாயகம் ஐயா முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் ஊசியை நிறுத்தவில்லை. பிறகு கேட்டார்:

"இதைச் சொல்லவோ பிள்ளை கிண்ணியாவிலயிருந்து வந்தனீங்கள்?"

"ஓம் ஐயா."

அவருடைய மனைவி இராசமலர் அம்மா உள்ளேயிருந்து வந்து, "நாங்களும் ஆரோ சொன்னதைக் கேட்டிட்டு விட்டனாங்கள்தானே. அந்தாளிட்ட ஒரு வார்த்தை விசாரிக்கேல்லை" என்றா. ஐயா ஊசியைக் கீழே வைத்தார்.

"பாஸுக்கு நானே போன் எடுக்கிறன். ஆனா பிள்ளை, ஒண்டு சொல்லுறன், குறை நினையாதையும். அந்தாள் இங்க வந்து கட்டை அடிக்கிற நேரம் நீர் இந்தப் பக்கம் வரப்படாது."

இராசமலர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலையை ஆட்டினேன்.

"செவ்வாய் கழிச்சு எடுங்க ஐயா" என்று வாப்பா கேட்டுக்கொண்டார். "முதல்ல இவள் போய் அவன்ட முகத்தப் பாத்துச் சொல்லட்டும்."

நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை, வாப்பாவும் நானும் மூதூருக்கு வருகிறோம். உன் வாப்பாவைத் திரும்பவும் வேலைக்குக் கேட்க வாப்பா வருகிறார். நான் எதற்கு வருகிறேன் என்று உனக்குத் தெரியும். என்ன சொல்லவேண்டும் என்று எழுதிப் பார்த்தேன். ஒரு வரிக்கு மேல் போகவில்லை.

நீ என்னை மன்னிப்பாயா என்று கேட்கவேண்டும் போல இருக்கிறது. நேரில் கேட்க ஏலாது, அதனால் இதில் கேட்கிறேன்.

ஷிஃபானா


மூதூர்
2025 ஓகஸ்ட் 5

ஷிஃபானா,

வாப்பாவின் பதில் இதில் இருக்கிறது. உன் வாப்பாவிடம் கொடு. டீச்சருக்கு விடுமுறை தொடங்கப் போகிறது, அதனால் இன்றே எழுதுகிறேன்.

நீ சொன்னபோது வாப்பா "சரி புள்ள" என்றார், உம்மாவிடம் தேத்தண்ணி போடச் சொன்னார், உன் கையில் இருந்த காயத்தைப் பார்த்து மருந்து போட்டாயா என்று கேட்டார். அவ்வளவுதான் நீ கண்டது. உன் வாப்பா கைகளைப் பிடித்துக்கொண்டு "வா றிஸ்வி, நீயே வந்து முடி" என்று அழுதபோதும், "யோசிச்சுச் சொல்றன் முனீப்" என்றார். நீங்கள் எழுந்து போனீர்கள்.

நீங்கள் சந்தி திரும்பும் வரைக்கும் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து சாச்சி வீட்டுச் சுவரைப் பார்த்தார். "பத்தடி நாலு அங்குலம். பிடி புள்ள." நான் நாடா பிடித்தேன். பத்தடி நாலு அங்குலம். "அந்த ஜன்னல், மூணடி ஒம்பது." மூன்றடி ஒன்பது. கதவு, அலுமாரி, மேசை, சாச்சியின் தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் சொன்னார், நான் பிடித்தேன். ஒன்றில்கூடப் பிழை இல்லை. பிறகு குளியலறைக்குப் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டார். நீண்ட நேரம் தண்ணீர் ஓடியது. உம்மா கதவடியில் போய் நின்றா, தட்டவில்லை.

ஏஜன்சிக்காரனுக்கு அன்றைக்கே போன் எடுத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இனி பதில். வாப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"முனீப், எனக்கு ஒன்னோட கோவமில்ல. ஆனா ஒன்ட வீட்ட இனி நான் கட்டமாட்டன். கட்டினா ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்ட முகத்த நிமிந்து பாப்பன். நீயும் ஒவ்வொரு கல்லுக்கும் என்ட முகத்தப் பாப்பாய். அப்பிடி வேல செய்ய ஏலா. பாயிஸிட்டக் குடு. அவனுக்கும் எனக்கும் ஒத்து வராது, ஊருக்கே தெரியும். ஆனா வேலைக்கு ஆளெடுக்கிற நேரம் அவன் எத்தின வீடு கட்டினவன் எண்டு பாக்காத. பிழைய ஆர்ட தலையில போடலாம் எண்டு பாக்கிறானா, பிழை எங்கயிருந்து வந்த எண்டு பாக்கிறானா, அதப் பார். மழைக்கு முன்ன முடியல்ல எண்டாலும் அவனுக்காகக் காத்திரு. கோணின முன்சுவரை மட்டும் நானே வந்து இடிச்சுத் தாறன். அதுக்குக் கூலி வேண்டாம். ராவைக்கு விட்டுட்டுப் போன நூல விடிய ஒருக்காப் பாக்காமக் கான் வெட்ட விட்டது நான். அது என்ட பிழை."

அவர் சொன்னது அவ்வளவுதான். கடைசி வரியை எழுதமாட்டேன் என்று சண்டை பிடித்தேன். எழுதவைத்தார்.

நீ கேட்டதற்கு என்னுடைய பதில்: தெரியவில்லை. நீ கல் தூக்கியதை உன் வாப்பா சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. உன்னைக் கண்டபோது வரவில்லை. பொய் எழுத எனக்கு விருப்பமில்லை. கிண்ணியா வீட்டைத் திறக்க வருவோம் என்று உம்மா சொல்கிறா, எப்போது என்று இல்லை.

சாம்பல்தீவில் வேலை தொடங்கிவிட்டது. சனிக்கிழமை நூல் பிடிக்க நானும் போனேன். இராஜநாயகம் ஐயா, "பாஸ், வெள்ளிக்கிழமை பின்னேரமே கட்டை அடிச்சு வைப்பியள் எண்டு நினைச்சன்" என்றார். இருபது வருடமாக வாப்பா அப்படித்தான் செய்வார். மாலையில் கட்டை, காலையில் கான். இப்போது விடியும்போதுதான் கட்டை அடிக்கிறார். கான் வெட்டி முடியும் வரைக்கும் அந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. ஆட்கள் ஐந்து மணிக்கே வரவேண்டும். இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டு வேலையை விட்டு நின்றுவிட்டார்கள்.

இராசமலர் அம்மா புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து, "வந்து சாப்பிட்டிட்டுச் செய்யுங்கோவன் பாஸ்" என்று கூப்பிட்டா. வாப்பா கட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கையை நீட்டித் தட்டை வாங்கினார்.

"நீங்க போய்ச் சாப்பிடுங்க வாப்பா, நான் பாத்துக்கொள்றன்" என்றேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். "வேணாம் மகள்" என்றார். நின்றபடியே சாப்பிட்டார்.

பஸ்மியா